நாலு விரல் இறக்கம்

என் எழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும் என்று எங்கள் சலவைக் கம்பெனியில் பேர் வாங்கியவன் நான். பத்தொன்பது வருஷம் அந்தப் பேரோடு இருந்தேன். அதில் பதினெட்டு வருஷத்துக்கு மேல் எனக்கு ஒரு எழுத்துகூடப் படிக்கத் தெரியாது.

அது எப்படி முடியும் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். எழுதுவது எனக்கு மெதுவாகத்தான் வரும், அதனால் நீங்களும் கொஞ்சம் பொறுத்துத்தான் படிக்க வேண்டும்.

எங்கள் கம்பெனிக்கு ஓட்டல்களிலிருந்தும் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் படுக்கை விரிப்பு, துண்டு, தலையணை உறை எல்லாம் மூட்டை மூட்டையாக வரும். கீழ்த்தளத்தில் துவைத்துப் பிழிவார்கள். இரண்டாவது மாடியில் காயவைத்து இஸ்திரி போடுவார்கள். கீழே இருக்கிற ஈரத் துணியை மேலே கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் என் வேலை. சக்கரம் வைத்த தள்ளுவண்டி ஒன்று, சரக்கு லிப்ட் ஒன்று, நான் ஒருத்தன். ஈரத் துணி நிரம்பிய வண்டி நல்ல வளர்ந்த ஆள் மூன்று பேர் கனம் இருக்கும். லிப்ட்டில் ஒரு தடவைக்கு இரண்டு வண்டி. காலை ஆறிலிருந்து மத்தியானம் இரண்டுவரை என் ஷிப்டு, முப்பது நடையாவது ஆகும். எனக்கு இப்போது ஐம்பத்தொரு வயது. இடுப்புக்குக் கீழே எந்த எலும்பு எங்கே இருக்கிறது என்று டாக்டருக்குத் தெரியாததெல்லாம் எனக்குத் தெரியும்.

லிப்ட் கதவுக்குப் பக்கத்தில் ஓர் ஆணியில் நோட்டு தொங்கும். நூலில் பேனா கட்டியிருக்கும். ஷிப்டு முடித்துப் போகிற ஆள் அதில் தேதி போட்டு, ஒரு வரி எழுதி, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போக வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த அன்று எனக்கு முன்னால் இருந்த வண்டிக்காரர் சொல்லிக்கொடுத்தது இவ்வளவுதான்: மேலே என்ன இருக்கிறதோ அதையே கீழே எழுது, தீர்ந்தது. எண்கள் எனக்குத் தெரியும், தேதி போட்டுவிட்டேன். வரியை வரைந்தேன். எழுதவில்லை, வரைந்தேன். சின்ன வயதில் கரிக்கட்டியால் அடுத்த வீட்டுச் சுவரில் மாடு வரைந்து உதை வாங்கியவன் நான், பார்த்ததை அப்படியே போட்டுவிடுவேன். அந்த வரியின் கடைசியில் யாரோ ஒரு காலத்தில் எலிவால் மாதிரி ஒரு கோடு இழுத்துவிட்டிருந்தார்கள். நானும் வால் போட்டேன். எனக்கு அடுத்த ஆளும் போட்டான். நோட்டு தீர்ந்து புது நோட்டு வந்தால், பழைய நோட்டின் கடைசி வரியைப் பார்த்துப் புது நோட்டின் முதல் வரியை எழுதுவோம். வாலும் கூடவே வரும்.

அந்த வரிக்கு என்ன அர்த்தம் என்று நான் யாரையும் கேட்டதில்லை. "ஷிப்டு முடிந்தது, வீட்டுக்குப் போகிறேன்" என்று இருக்கும் என்று நானே வைத்துக்கொண்டேன். மத்தியானம் இரண்டு மணிக்கு ஒரு மனுஷன் வேறு என்னத்தை எழுதப்போகிறான்?

வீட்டிலும் என் கதை இப்படித்தான் ஓடியது. கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனபோது படிக்கத் தெரியும் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பொய்யை மூடுவதற்காகத் தினமும் பேப்பர் பார்க்க வேண்டியதாயிற்று. வேலை முடிந்து வந்ததும் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பரை விரித்து அரை மணி நேரம் முகத்தைச் சுளித்துக்கொண்டு பார்ப்பேன். என் மனைவி வீட்டிலேயே தையல் மிஷின் வைத்துத் துணி தைக்கிறவள். மிஷினை மிதித்துக்கொண்டே என்ன சேதி என்று கேட்பாள். வேலையிடத்தில் யாராவது பேசியதை எடுத்து விடுவேன். இருபத்தாறு வருஷம் இந்த நாடகம் நடந்தது.

போன வருஷம் ஒரு நாள் பேப்பரை மடித்து வைத்தபோது அவள் மிஷினை நிறுத்தினாள்.

"இந்த வாரம் நாட்டுல ஒண்ணுமே நடக்கலை போலிருக்கே?"

ஏன் அப்படிக் கேட்கிறாய் என்றேன்.

"அஞ்சு நாளா அதே பேப்பரைத்தானே வச்சிட்டு வரேன். தினமும் மாஞ்சு மாஞ்சு படிக்கிறீங்க."

எவ்வளவு நாளாகத் தெரியும் என்று கேட்டேன். கல்யாணமாகி மூன்றாவது மாசத்திலிருந்து என்றாள். பின்னே ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, நீங்களாகச் சொல்வீர்கள் என்று பார்த்தேன், ஆனால் இப்போது எனக்கும் வயதாகிறது, இனிமேல் காத்திருக்க முடியாது என்றாள். பேசிக்கொண்டே கருநீலத் துணி ஒன்றை மேஜைமேல் விரித்து, துணியில் கோடு போடுகிற சாக்கட்டியால் முதல் எழுத்தை எழுதினாள். அன்றைக்குத் தொடங்கியது.

தப்பாகப் போட்டால் துணியை ஓர் உதறு உதறினால் போதும், எழுத்து காற்றில் போய்விடும். பலகையைவிட அது எனக்கு வசதியாக இருந்தது. எட்டு மணி நேரம் வண்டி தள்ளிவிட்டு வந்து உட்கார்ந்தால் எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி நகரும். அவள் விடமாட்டாள். எழுத்துக்கள் கைக்கு வந்ததும் ஒரு சட்டம் போட்டாள்: ஒரு நாளைக்கு ஒரு வரி, அன்றைக்கு நடந்ததை வைத்து, யாரையும் பார்த்து எழுதாமல். நான் "கால் வலி" என்று எழுதினேன். மறுநாளும் கால் வலி. பதினோரு நாள் கால் வலி. பன்னிரண்டாம் நாள் "முதுகு வலி" என்று எழுதினேன். பரவாயில்லை, முன்னேற்றம்தான், மேலே ஏறியிருக்கிறீர்கள் என்றாள்.

ஏழெட்டு மாசத்தில் தெரு பேச ஆரம்பித்தது. இத்தனை வருஷம் பச்சைக் கதவுக் கடை என்று நான் சொல்லிக்கொண்டிருந்த கடைக்கு ஒரு பெயர் இருந்தது. நான் தினமும் சாய்ந்து நிற்கிற சுவரில் "இங்கே சாயாதீர்கள், பெயின்ட்" என்று எழுதியிருந்தது. அது எந்தக் காலத்துப் பெயின்டோ. என் சட்டையில் ஏறி, துவைத்து, போயே போய்விட்டிருக்கும். பஸ்ஸில் ஏறும்போது இது எங்கே போகும் என்று யாரையும் கேட்காமல் ஏறினேன். சும்மா ஏறினேன், போக வேண்டிய இடம்கூட இல்லை. இரண்டு நிறுத்தம் போய் இறங்கி நடந்து வந்தேன். ஆனால் லிப்ட் நோட்டை மட்டும் நான் படிக்கவில்லை. படிக்கத் தோன்றவில்லை. அதைக் கண் பார்ப்பதே இல்லை, கை போட்டுவிடும்.

இதற்கு நடுவில் லிப்ட்டுக்கு ஏதோ ஆகிவிட்டது. இதைக் கண்டுபிடித்தது என் தோள். இரண்டாவது மாடியில் கதவு திறந்ததும் வண்டியை வெளியே தள்ளினால் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். ஒரு நாள் லேசாக இடித்தது. குனிந்து பார்த்தேன். மாடித் தரையைவிட லிப்ட்டின் தரை ஒரு விரல் கீழே நின்றிருந்தது. அடுத்த மாசம் இரண்டு விரல். அப்புறம் மூன்று. ஒரு சனிக்கிழமை காலை விரலை வைத்துப் பார்த்தேன், நாலு விரல்.

சூப்பர்வைசரிடம் போய்ச் சொன்னேன். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர், கெட்டவர் இல்லை, மூன்று பேர் வேலையை ஒருத்தராகப் பார்க்கிறவர். வந்தார். லிப்ட்டில் ஏறி மேலே போனார். கதவு திறந்தது, தரையும் தரையும் ஒன்றாக இருந்தது. உங்களுக்குத்தான் வயசாகுதுண்ணே, லிப்ட்டுக்கு இல்லை என்று சிரித்துவிட்டுப் போனார். காலி லிப்ட் இறங்காது, ஈர வண்டி இரண்டு ஏற்றிப் பாருங்கள் என்று பின்னாலேயே போய்ச் சொன்னேன். பார்க்கலாம் என்றார். வாசலில் ஓட்டல் லாரி ஆரன் அடித்துக்கொண்டிருந்தது.

இரண்டு மணிக்கு எனக்கு அடுத்த ஷிப்டு ஆள் வந்தான். நெட்டையாக, கழுத்து நீண்டு இருப்பதால் எல்லாரும் அவனைக் கொக்கு என்று கூப்பிடுவார்கள். அவனுக்கும் இந்த இடிப்பு பழக்கம்தான், ஆனாலும் இன்றைக்கு அதிகமாக இடிக்கும், பார்த்துக்கொள் என்றேன். சரிண்ணே என்றான். நான் நோட்டை எடுத்தேன். தேதி, வரி, வால், கையெழுத்து. வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மூன்றரை மணிக்குக் கொக்கின் கால் உடைந்தது.

நடந்தது இதுதான். வண்டியைப் பின்னால் நின்று தள்ளத்தான் வேண்டும், முன்னால் நின்று இழுக்கக் கூடாது என்று எங்கள் கம்பெனியில் கண்டிப்பான விதி. ஆனால் நாலு விரல் பள்ளத்திலிருந்து அந்தக் கனத்தை ஒருத்தன் தள்ளி ஏற்ற முடியாது. முன்னால் போய்த் தூக்கி இழுத்தால்தான் சக்கரம் ஏறும், அன்று காலை நானும் அப்படித்தான் இழுத்தேன். கொக்கு முன்னால் போய் இழுத்தான். சக்கரம் ஏறியது, வண்டி சாய்ந்தது, துணியோடு அவன் கணுக்காலில் விழுந்தது.

திங்கட்கிழமை காலை மேனேஜர் அம்மா என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். அதிர்ந்து பேசாதவர், எதையும் காகிதத்தில் பார்த்தால்தான் நம்புவார். மேஜைமேல் லிப்ட் நோட்டு திறந்திருந்தது. கொக்கு விதியை மீறி வண்டியை இழுத்ததாகச் சூப்பர்வைசர் எழுதிக்கொடுத்திருக்கிறார், கவனக்குறைவு என்று அவனை வேலையிலிருந்து நிறுத்த வேண்டியிருக்கும் என்றார். நான் பதறி, லிப்ட் சரியில்லை அம்மா, நாலு விரல் இறங்கி நிற்கிறது, அன்று காலையிலேயே சொன்னேன் என்றேன். அவர் நோட்டை என் பக்கம் திருப்பினார்.

"அன்னைக்கு ரெண்டு மணிக்கு நீங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. படிங்க."

விரலை வைத்துக்கொண்டு படித்தேன். ஒவ்வொரு எழுத்தாக. லி. ப். ட். என் கை பத்தொன்பது வருஷமாகப் போட்ட எழுத்துக்கள், ஆனால் ஒன்றைக்கூட நான் முன்பின் பார்த்ததில்லை போலிருந்தது. கடைசி எழுத்துக்கு வந்து சேர்ந்தபோது வேர்த்துவிட்டது.

"லிப்ட் நன்றாக உள்ளது. குறை ஒன்றும் இல்லை."

அப்புறம் அந்த வால்.

முதன்முதலாக நான் முழுசாகப் படித்த என் சொந்த எழுத்து ஒரு பொய். அதுவும் ஒரு நாள் பொய் இல்லை. பக்கத்தைத் திருப்பினேன். ஒரு விரல் இறங்கிய நாளிலும் அதே வரி. மூன்று விரல் நாளிலும் அதே வரி. ஒவ்வொன்றுக்கும் கீழே என் அழகான கையெழுத்து.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு விசாரணை, சொல்ல வேண்டியது இருந்தால் எழுதிக் கொண்டுவாருங்கள், வாயால் சொல்வதை நான் எதில் சேர்ப்பது என்றார் மேனேஜர் அம்மா. கதவுவரை போனவனைக் கூப்பிட்டு, நோட்டில் ஒன்றும் வாயில் ஒன்றும் சொல்கிற ஆளை யார் நம்புவார்கள் என்று கேட்டார். திட்டுகிற குரலில் கேட்கவில்லை. அதனால்தான் அதிகமாக வலித்தது.

அன்று ஷிப்டு முடிந்ததும் நேராகக் கொக்கு வீட்டுக்குப் போனேன். மாவுக்கட்டுப் போட்ட காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் பெண்டாட்டி என்னைப் பார்த்து வாங்க என்றாள். அவர்களுக்கு இரண்டு பிள்ளைகள். இந்த வேலைதான் அந்த வீடு. எல்லாவற்றையும் அவனிடம் சொன்னேன், எழுத்துத் தெரியாமல் வரைந்ததிலிருந்து. கேட்டுக்கொண்டே இருந்தான்.

"அண்ணே, எட்டாவது வரைக்கும் படிச்ச நானும் அதைத்தானே எழுதினேன்? படிக்கத் தெரிஞ்சும் எழுதினேன். உங்களைவிட நான்தான் பெரிய ஆளு."

அப்புறம் காலைத் தட்டிக்காட்டி, கொக்குன்னு பேர் வச்சீங்க, இப்ப ஒத்தைக் கால்லயே நிக்க வச்சுட்டீங்க, பேர் பொருத்தம் பிரமாதம் என்றான். நான் சிரித்தேன். அவன் பெண்டாட்டி சிரிக்கவில்லை. அந்த முகம் வீடுவரை என்கூடவே வந்தது.

என் மனைவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, சொல்லுங்கள், நான் எழுதித் தருகிறேன், நீங்கள் கையெழுத்துப் போடுங்கள் என்றாள். அவள் எழுத்து சீராக இருக்கும், கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். பேனாவை எடுத்தும்விட்டாள். எனக்கு வேண்டாம் என்று தோன்றியது. இன்னொருத்தர் எழுதியதற்குக் கீழே கையெழுத்துப் போட்டுப் போட்டுத்தான் இங்கே வந்து நிற்கிறேன், இதையாவது நானே எழுதுகிறேன் என்றேன். அவள் பேனாவை மூடிவிட்டுக் கருநீலத் துணியை விரித்தாள்.

மூன்று சாயங்காலம். "கால் வலி" எழுதுகிறவனுக்கு இது மலை. இரண்டு, ஈரம், வண்டி, இறங்கு, இடி, ஒவ்வொன்றாகப் போட்டுப் பழகினேன். வினோதமாக ஒன்று நடந்தது. "லிப்ட்" என்று தொடங்கினால் போதும், கை தானாக "நன்றாக உள்ளது" என்று ஓடிவிடும். நிறுத்துவதற்குள் வாலும் போட்டிருக்கும். உதறுவேன், மறுபடியும் தொடங்குவேன், மறுபடியும் வால். பழகின மாடு வீட்டுக்குப் போகிற மாதிரி போய்விடுகிறதே என்றாள் என் மனைவி. கடைசியில் அவளே ஒரு வழி சொன்னாள்: லிப்ட்டில் தொடங்காதீர்கள், வண்டியில் தொடங்குங்கள். அப்படித் தொடங்கியதும் கைக்கு வழி தெரியவில்லை, நான் சொன்னபடி வந்தது. புதன்கிழமை சாயங்காலம் நாலு வரி காகிதத்தில் ஏறியது. படித்துக் காட்டினேன். அவள் மறுநாளைக்கு என் சட்டைக்கு இஸ்திரி போட்டாள். இத்தனைக்கும் நான் இஸ்திரிக் கம்பெனியில் வேலை பார்க்கிறவன், வீட்டில் கசங்கின சட்டையோடு திரிகிறவன்.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு மேனேஜர் அம்மாவின் அறையில் நாலு பேர். கொக்கு கட்டுப் போட்ட காலோடு நாற்காலியில். அவன் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்திருந்தான். சூப்பர்வைசர் லிப்ட் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நான் காகிதத்தை நீட்டினேன். மேனேஜர் அம்மா வாங்குவதற்குள் சூப்பர்வைசர் எட்டிப் பார்த்தார். இது அண்ணி எழுதினது, இவருக்கு எழுதத் தெரியாது, நோட்டில் படம் வரைகிற மாதிரி வரைவார், எல்லாருக்கும் தெரியும் என்றார். எல்லாருக்கும் தெரியும் என்பது எனக்குத் தெரியாது.

மேனேஜர் அம்மா என் காகிதத்தைப் படிக்காமல் கவிழ்த்து வைத்தார். வெள்ளைத் தாள் ஒன்றும் பேனாவும் என் முன்னால் தள்ளினார். நீங்கள் எழுதியதுதான் என்றால் இங்கே எழுதுங்கள் என்றார். எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டார். ஒரு வரிக்குப் பத்து நிமிஷம் என்றேன். கடிகாரத்தைப் பார்த்தார். நான் காத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டுத் தன் கோப்புகளை எடுத்துக்கொண்டார்.

பேனாவைப் பிடித்தேன். வண்டியில் தொடங்க வேண்டும் என்பது மறந்துபோய்விட்டது. எல்லாமே மறந்துபோய்விட்டது. தாளைப் பார்த்தேன், கை தானாக ஓடியது.

"லிப்ட் நன்றாக"

அங்கே கையைப் பிடித்து நிறுத்தினேன். சொல்லப்போனால் இடது கையால் வலது கையைப் பிடித்தேன். சூப்பர்வைசர் குனிந்து பார்த்தார்.

"பாருங்கம்மா, அதையேதான் எழுதறார்."

கொக்கு கண்ணை மூடிக்கொண்டான். அவன் மூடியதை நான் பார்த்தேன். அடித்துவிட்டு வேறு தாள் கேட்கலாம். கேட்டால், தெரியாத ஆள் தடுமாறுகிறான் என்று ஆகும். அந்த இரண்டு சொல்லையும் பார்த்துக்கொண்டே இருந்தேன். இந்த வரியில் எனக்கு ரொம்ப நாளாகப் பழக்கமான இன்னொரு சொல் இருக்கிறது, கடைசியில், வாலுக்கு முன்னால். அதைப் பத்தொன்பது வருஷமாக அங்கேயே வைத்திருந்தேன். இன்றைக்கு இங்கே கொண்டுவந்தால் என்ன?

"லிப்ட் நன்றாக இல்லை."

எழுதி முடித்து வால் போடாமல் ஒரு புள்ளி வைத்தேன். அதற்கப்புறம் கை என்னுடையதாகிவிட்டது. நாற்பத்திரண்டு நிமிஷம் ஆனதாகக் கொக்கு பிறகு சொன்னான். கீழே மிஷின்கள் சுற்றுகிற சத்தம் தரை வழியாக வந்துகொண்டிருந்தது. பத்து நடை வண்டி தள்ளினால்கூட எனக்கு அவ்வளவு வேர்க்காது. தாளைத் திருப்பித் தள்ளினேன். மேனேஜர் அம்மா முதலில் மனதுக்குள் படித்தார், பிறகு வாய்விட்டுப் படித்தார்.

"லிப்ட் நன்றாக இல்லை. ஈர வண்டி இரண்டு ஏற்றினால் மாடியில் நாலு விரல் இறங்கி நிற்கும். காலியாகப் போனால் இறங்காது. தள்ளினால் சக்கரம் ஏறாது, அதனால்தான் இழுத்தான். நான் தினமும் நோட்டில் எழுதியது தெரியாமல் எழுதியது. இது தெரிந்து எழுதியது."

கடைசி இரண்டு வாக்கியம் வீட்டில் எழுதியதில் இல்லை. அது அங்கேயே வந்தது.

மேனேஜர் அம்மா சூப்பர்வைசரைப் பார்த்து, நீங்கள் சோதித்தபோது வண்டி ஏற்றிப் பார்த்தீர்களா என்று கேட்டார். அவர் நோட்டைப் பார்த்தார். காலியாகத்தான் பார்த்தேன் என்றார். சரி வாங்க என்று மேனேஜர் அம்மா எழுந்துவிட்டார்.

கீழே போய் இரண்டு ஈர வண்டி ஏற்றினேன். ஆள் யாரும் உள்ளே ஏற வேண்டாம் என்று சொல்லி, வெளியிலிருந்து பொத்தானை அமுக்கிவிட்டுப் படியேறிப் போனோம். இரண்டாவது மாடியில் கதவைத் திறந்தேன். மேனேஜர் அம்மா தரையில் குந்தி உட்கார்ந்தார். அவர் அப்படி உட்கார்ந்து நாங்கள் பார்த்ததில்லை. இஸ்திரி போடுகிற பெண்கள் எல்லாம் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். பள்ளத்தில் விரலை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து எண்ணினார்.

"அஞ்சு விரல் இருக்கு. நீங்க நாலுன்னு எழுதியிருக்கீங்க."

எழுதினதிலும் தப்பா என்று குனிந்து என் கையை வைத்தேன். நாலுதான் இருந்தது. என் விரல் தடிமன், அவர் விரல் மெலிசு. அவர் இரண்டு கையையும் பார்த்தார். சிரித்தார். உங்கள் கணக்கே இருக்கட்டும் என்றார்.

அப்புறம் தள்ளச் சொன்னார். தள்ளினேன். சக்கரம் இடித்து நின்றது. இப்போது எப்படி வெளியே எடுப்பீர்கள் என்று கேட்டார். முன்னால் போய்த் தூக்கி இழுக்க வேண்டும் என்று சொல்லி வண்டிக்கு முன்னால் வந்து குனிந்தேன். வேண்டாம் என்று என் கையைப் பிடித்துவிட்டார்.

அறைக்குத் திரும்பியதும் கொக்குக்காகத் தயாராக இருந்த கடிதத்தை இரண்டாகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டார். கால் ஆறுகிற வரைக்கும் வீட்டில் இருங்கள், வேலை உங்களுடையதுதான் என்றார். கொக்கு எழுந்து நிற்கப் பார்த்தான். ஊன்றுகோல் சரிந்து விழுந்தது. எடுத்துக் கொடுத்தது சூப்பர்வைசர்தான். அவர் என் பக்கம் திரும்பி, அந்த நோட்டுல வாராவாரம் பார்த்தேன்னு கையெழுத்துப் போடறது நான்தாண்ணே, நானும் ஒரு நாள்கூடப் படிச்சதில்லை என்று மெதுவாகச் சொன்னார். அதைச் சொல்ல அவருக்கு என் நாற்பத்திரண்டு நிமிஷத்தைவிடக் கஷ்டமாக இருந்திருக்கும்.

லிப்ட்டை நிறுத்தி ஓர் அட்டை தொங்கவிட வேண்டும், யார் எழுதுவது என்று பேச்சு வந்தது. மேனேஜர் அம்மா தடிப் பேனாவை என்னிடம் நீட்டினார். "லிப்ட் நன்றாக இல்லை" என்று பெரிதாக எழுதினேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. நானே ஆணியில் மாட்டினேன்.

மெக்கானிக் வந்து பிரேக் கட்டை தேய்ந்து காகிதம் மாதிரி ஆகிவிட்டது என்று காட்டினார். மாற்றி முடிக்க நாலு நாள். நாலு நாளும் ஈரத் துணியை மூட்டை கட்டி முதுகில் ஏற்றிப் படியில் சுமந்தோம். நீ எழுதக் கற்றுக்கொண்டாய், எங்கள் முதுகு போயிற்று என்று ஆளாளுக்கு என்னைக் கரித்துக்கொட்டினார்கள். கொட்டட்டும். அந்த நாலு நாளும் வீட்டுத் துணியில் நான் எழுதிய வரி "முதுகு வலி" தான். ஆனால் சந்தோஷமாக எழுதினேன்.

லிப்ட் ஓடத் தொடங்கிய அன்று ஆணியில் புது நோட்டு தொங்கியது. பழைய நோட்டை மேனேஜர் அம்மா எடுத்துக்கொண்டு போய்விட்டார். புது நோட்டின் முதல் பக்கம் வெள்ளையாக இருந்தது. பார்த்து எழுத மேலே வரி இல்லை. மூன்று ஷிப்டு ஆட்களும் அதைச் சுற்றி நின்று, நீ எழுது, நீ எழுது என்று ஒருத்தனை ஒருத்தன் தள்ளினார்கள். பள்ளிக்கூடம் போனவர்கள்கூடப் பின்னால் நகர்ந்தார்கள். கடைசியில் பேனா என்னிடம் வந்தது. இரண்டு ஈர வண்டியை ஏற்றி மேலே அனுப்பினேன், படியேறிப் போய் விரலை வைத்துப் பார்த்தேன், இறங்கி வந்து எழுதினேன்:

"இரண்டு ஈர வண்டி ஏற்றிப் பார்த்தேன். ஒரு விரலும் இறங்கவில்லை."

மறுநாள் காலை வந்து பார்த்தால், அடுத்த ஷிப்டு ஆள் அதற்குக் கீழே அதையே அப்படியே எழுதியிருந்தான். அதற்கடுத்த ஆளும். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. வீட்டில் சொன்னபோது என் மனைவி மிஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். அவளுடைய சட்டம்தான் கை கொடுத்தது: ஒரு நாளைக்கு ஒரு வரி, அன்றைக்கு நடந்தது, யாரையும் பார்த்து எழுதாமல். அன்றிலிருந்து என் ஷிப்டில் தினமும் வேறு வேறாக எழுதினேன். லிப்ட் விளக்கு ஒரு தடவை கண் சிமிட்டியது. முதல் மாடிக் கதவு பூனை மாதிரி கத்துகிறது, எண்ணெய் வேண்டும். இன்று ஒரு விரலும் இல்லை, என் முட்டி மட்டும் இறங்கியது. அடுத்த ஆளால் என் முட்டியைப் பார்த்து எழுத முடியுமா? அவன் தன்னுடையதை எழுதித்தான் ஆக வேண்டியிருந்தது. சூப்பர்வைசர் இப்போது ஒவ்வொரு வரியாகப் படித்துத்தான் கையெழுத்துப் போடுகிறார், சில நாள் நின்று சிரித்துவிட்டும் போகிறார். கதவுக்கு மறுநாளே எண்ணெய் வந்தது.

ஏழு வாரம் கழித்துக் கொக்கு வேலைக்கு வந்தான். லேசாக விந்தி விந்தி நடந்தான். கனமான வண்டி வேண்டாம் என்று ஒரு வாரத்துக்கு மடிக்கிற வேலை கொடுத்தார்கள், பிறகு லிப்ட்டுக்கே திரும்பினான். அவன் முதல் ஷிப்டு முடித்த மறுநாள் காலை ஆறு மணிக்கு நான் போனேன். வழக்கம்போல வண்டியைத் தொடுவதற்கு முன்னால் நோட்டை எடுத்தேன். அவன் வரி இருந்தது. விரலை வைக்காமல், ஒரே மூச்சில் படித்தேன்.

"லிப்ட் இறங்கவில்லை. என் கால் நன்றாக உள்ளது. குறை ஒன்றும் இல்லை."

கடைசியில் அந்த வாலைப் போட்டிருந்தான், வேண்டுமென்றே, நீளமாக.